கச்சர் சார்

டெல்லிக்கு மாற்றலாகிப் போயிருக்கும் நம் மகள் என்னை ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். வாளும் ஈட்டியும் பழைய துப்பாக்கிகளுமாகக் கூடம் கூடமாக நடந்தோம். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. கடைசிக் கூடத்தில் தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது. லீவில் வந்து டிரங்குப் பெட்டியைத் திறப்பீர்களே, அப்போது வீடு முழுக்க வரும் அதே வாடை. கால் தானாக நின்றுவிட்டது.

அங்கே நின்றது உங்கள் பீரங்கி. துண்டு துண்டாகக் கழற்றி மலைக்குக் கொண்டுபோய் மேலே வைத்துப் பூட்டுவோம் என்று சொல்வீர்களே, அது. பக்கத்தில் ஒரு தோல் சேணம். சுவரில் ஒரு படம். சுற்றிக் காட்ட வந்த பெண் இந்தியில் கடகடவென்று பேசிக்கொண்டே வந்தவள், நடுவில் "கச்சர்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏட்டி, கச்சர் சாரையா சொல்லுதா? எங்கன இருக்காருன்னு கேளு" என்று மகளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கேட்டாள். அந்தப் பெண் படத்தின் மேல் விரலை வைத்தாள். பீரங்கிக் குழலை முதுகில் சுமந்துகொண்டு ஒரு கோவேறு கழுதை நின்றது.

"அம்மா, இந்தியில கச்சர்னா இதுதானாம்" என்றாள் மகள்.

வாடை பீரங்கியிலிருந்து வரவில்லை, சேணத்திலிருந்து வந்தது. நீங்கள் பீரங்கி சுட்டவரில்லை, அதைச் சுமந்த கழுதைகளைப் பார்த்துக்கொண்டவர் என்று அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது.

என்ன மனிதர் நீங்கள்? கல்யாணமான புதிதில், "கச்சர் இல்லன்னா பீரங்கி மலையேறாது" என்றீர்கள். யாரோ பெரிய ஆபீசர் என்று நானாக நினைத்துக்கொண்டு, "கச்சர் சார் நல்லாருக்காங்களா?" என்று கேட்டேன். அப்போதே திருத்தியிருக்கலாம். "நல்லாருக்காரு" என்றீர்கள். சாருக்கென்று கருப்பட்டிப் பாகு விட்டு முந்திரிக்கொத்து செய்து சம்புடம் நிறையக் கொடுத்துவிட்டேன். அடுத்த லீவில் வந்து, "சம்புடத்தையே நக்கிட்டாரு" என்றீர்கள். என் கைப்பக்குவத்துக்குப் பாராட்டு என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஊரில் இத்தனை பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் சாரைப் பற்றி வாயெடுத்தால் நீங்கள் பேச்சை மாற்றியது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்றேன். "அவரு போயிட்டாரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. தென்காசி பெரிய கோவிலில் அவருக்கு மோட்ச தீபம் போட்டேன். நீங்களும் பக்கத்தில் கைகூப்பி நின்றீர்கள். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. எதை நினைத்து அழுதீர்கள்? அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு, இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அருங்காட்சியகத்தின் மேலும் எரிச்சல்தான். பீரங்கியின் எடை, எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு தூரம் சுடும் என்று எல்லாம் பலகையில் இருக்கிறது. சுமந்த கழுதையைப் பற்றியும் அதற்குத் தீனி வைத்தவரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அடுத்து நின்ற டாங்கிப் பக்கம் போய்விட்டாள்.

ஊர் திரும்பியதும் உங்கள் தங்கை குற்றாலம் ஐந்தருவியில் குளிக்கக் கூப்பிட்டாள். பெண்கள் வரிசையில் சாரலில் நனைந்துகொண்டு நிற்கும்போது, மனசு தாங்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"கழுதையா மதினி? கழுதைக்கா வெளக்குப் போட்டீய?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்னால் நின்றவளைத் தட்டி அவளுக்கும் சொன்னாள். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். வரிசையே சிரித்தது. "இதுக்குத்தான் அண்ணன் வாயத் தொறக்கல போல" என்று உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குளிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஊர் சிரிக்கும் என்று பயந்தீர்கள். சிரிக்கத்தான் செய்தது. அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாளாவது என்னிடம், "ஏட்டி, அது கோவேறு கழுதை" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தீர்கள்? கருப்பட்டி இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருப்பேன். அவ்வளவுதான். நீங்களோ காலமெல்லாம் என்னையும் அந்தச் சிரிக்கிற வரிசையில் நிறுத்தி வைத்திருந்தீர்கள்.