சத்தம் போன சைக்கிள் செயின்

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கங்க.

மூணு நாளா என்கூட ஒரு வார்த்தை பேசல. இன்னிக்குக் காலையில பார்த்தா என் சைக்கிள் செயினைத் துடைச்சு எண்ணெய் விட்டு வச்சிருக்கீங்க. சரி, சமாதானம்னு நினைச்சேன். அப்புறம்தான் துடைச்ச துணியைப் பார்த்தேன். நான் முகம் துடைக்கிற துண்டு. இப்ப சந்தோஷப்படறதா, கோபப்படறதா, எனக்கு ஒண்ணும் புரியல.

எண்ணெய் வேற அதிகம். ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் வெள்ளை, தெறிச்சா போகாது. அதனால மிச்சத்தைத் துடைச்சுட்டேன், உங்க பனியனால.

இன்னொண்ணு. கிரீச்னு கேட்டாலே நான் கிளம்பறது உங்களுக்குத் தெரியும். இனிமே கேக்காது. அதான் எழுதறேன்: போயிட்டு வரேன்.