ஆலயத்துக்கு வெளியே அம்மா

எஃப்ரைம், யூட்டா
பிப்ரவரி 9

அன்புத் தம்பி ஜேரமுக்கு,

சபையின் ஊழியக்காரனாக உன் சட்டையில் 'எல்டர்' என்று பெயர்ப்பட்டை தொங்கலாம். எனக்கு நீ தம்பிதான். இங்கே இன்னும் பனி. டோங்கா வெயிலில் சைக்கிள் மிதிக்கும் நீ நலமாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நீ எழுதியதைப் படித்தேன். மே மாதம் உனக்கும் பிரின்லிக்கும் ஆலயத்தில் திருமணம். அதற்குள் சபை விலக்கிய காபியை விட்டு, ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்கிவிடு என்கிறாய். சீட்டில்லாவிட்டால் பெற்றவளும் வெளியேதான். விட்டுப் பார்த்தாள், தம்பி. வான்கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும்போது கண் செருகி, காரைக் கால்வாயில் இறக்கிவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். சொல்கிறேன். உன் ஊழியச் செலவுக்கு வருவதே அந்தக் கூலிதான்.

சீட்டுக்குக் கையெழுத்துப் போடும் பிஷப் காபி பற்றிக் கேட்டபோது அவள் பொய் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் சொல்லாதவர்களா? "குடிக்கிறேன் பிஷப், இல்லன்னா கத்தி கையில இறங்கிடும்" என்றாளாம். அவர் நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டார். "என்னால கையெழுத்துப் போட முடியலையே ஜனீல்" என்றாராம். மேசையில் அவருடைய கோலா, வாளி அளவுக்கு. அதிலிருக்கும் கஃபீன் மட்டும் பாவமில்லை.

போன ஞாயிறு பெண்கள் வகுப்பில் நற்செய்தி என்றால் என்ன என்று கேட்டார்கள். சபை போதிக்கும் அத்தனையும் நற்செய்திதான், ஒன்றை விட்டாலும் முழுதும் போச்சு என்றார் பிரின்லியின் அம்மா. வாயே திறக்காத நம் அம்மா சொன்னாள்: "கிறிஸ்து நம்மளத் தேடி வந்தாரு. அதான் நல்ல செய்தி. மத்ததெல்லாம் நாம அவர்கிட்ட நடந்து போறதுக்கு." "பிளாஸ்கையும் தூக்கிட்டா போவீங்க?" என்று கேட்டார் அந்தம்மா. வகுப்பே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

நீ வீடு வீடாகப் போய்ச் சொல்வது விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி, கடைசிவரை நிலைத்திருத்தல். இதில் காபி எங்கே வந்தது? வந்தது என்று நீ நம்பினால் நம்பு. அதற்காக உன்னோடு சண்டையில்லை.

முதலில் நம் சபை மண்டபத்தில் பிஷப் முன்னால், அம்மா பார்க்க, கல்யாணம் செய்துகொள்ளுங்கள். அன்றே ஆலயத்துக்குப் போய் நித்தியத்துக்கும் இணையுங்கள். சபையே இப்போது அனுமதிக்கிறது. பிரின்லிக்குச் சம்மதம், என்னிடமே சொன்னாள். அவள் அப்பாதான் அது இரண்டாந்தரக் கல்யாணம் என்கிறார். அவரிடம் நீ பேச வேண்டும்.

அம்மாவுக்குக் கோபம் கிடையாது. நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே, "மே மாசம் ஆலயத்துக்கு வெளில எந்தப் பக்கம்டி நிழல் விழும்?" என்று கேட்டாள்.

என்னிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஆனால் அவள் நிற்கும் பக்கம்தான் நானும் நிற்பேன். கடவுள் உன் வாய்க்குத் தைரியம் கொடுக்கட்டும். இன்றே எழுது.

உன் அக்கா,
ஷெல்பி