வாயைத் தைத்து அனுப்பு

மந்தைவெளி, சென்னை
28-1-1998

அன்பு மருமகள் சரண்யாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். மருமகள் என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். தாலி ஏறுகிற நாள் வரைக்கும் நீ எனக்கு மருமகள்தான், யார் என்ன சொல்வது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சின்னவனுக்குச் சளி விட்டதா? மாமா பெயரையே அவனுக்கு வைத்துத் தொலைத்தீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை. மூன்று வயதாகியும் எனக்கு அவன் சின்னவன்தான்.

உன் தம்பி சண்முகவேல் போன வாரம் தி.நகர் கடையில் மாமாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கும் வந்தான். மாசியில் உன் கல்யாணத்துக்குத் தேதி குறித்ததைச் சொன்னான். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் சொந்தமாக ஹார்டுவேர் கடை, குடி கிடையாது, சின்னவனைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொள்வார் என்றான். கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது. நம்பு. இருபத்தாறு வயதில் உன்னை மூலையில் உட்கார வைத்துப் பார்க்க நான் ஒன்றும் ராட்சசி இல்லை. சொந்தத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும்.

காபியைக் குடித்து எழுந்திருக்கும்போதுதான் மற்றதைச் சொன்னான். சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாப்பிள்ளை தன் இனிஷியலையே போடுவாராம். சோறு போட்டு வளர்க்கிறவர் தன் எழுத்தைப் போடுவதில் என்ன தப்பு, போடட்டும் என்றேன். அதோடு, என் பிள்ளை ராம்குமார் பொருள் எதுவும் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று அவர்கள் பக்கம் சொல்லிவிட்டார்களாம். அவன் உனக்கு எழுதின கடிதங்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம் என்கிறார்களாம் உன் அம்மா. நான் பதில் சொல்வதற்குள் உன் தம்பி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

சரண்யா, அதைச் செய்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

ராம்குமார் எனக்கு எழுதினதையெல்லாம் நம் கடைச் சேலைப் பெட்டி ஒன்றில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். மதுரையில் காலேஜ் படித்தபோது போட்ட இன்லண்டு கடிதங்கள், பொங்கலுக்குப் பொங்கல் அனுப்பின வாழ்த்து அட்டைகள், சரக்கு எடுக்கப் போகிற ஊரிலிருந்தெல்லாம் போட்ட கார்டுகள். கடைசியாகச் சூரத்திலிருந்து போட்டானே, லாரி மோதி அவன் போய்க் காரியமெல்லாம் முடிந்த பிறகு தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தாரே, அந்தக் கார்டும் அதில்தான் இருந்தது.

நம் ஊர்ப்பக்கம் போகிக்கு வெள்ளையடிப்போமே தவிர, இப்படித் தெருவில் போட்டு எரிக்கிற வழக்கம் ஏது? மெட்ராஸுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கடையின் பழைய பில் கட்டுகளைச் சேலைப் பெட்டிகளில் அடைத்து வைத்து மாமா வருஷா வருஷம் போகிக்கு எரிப்பார், உனக்கே தெரியும். இந்த வருஷமும் பரணிலிருந்த பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் ஒரே அட்டை, ஒரே கடைப் பெயர். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு வெளியே வந்து பார்த்தபோது ஜிகினா ஒட்டின கரும்புப் படம் ஒன்று ஓரத்தில் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ.

நான் கத்தின கத்தலில்தான் மாமாவுக்கே தெரிந்தது. வெறுங்கையை நெருப்புக்குள் விட்டார். பக்கத்து வீட்டு பத்ரிநாராயணன் ஓடி வந்து அவரை இழுத்தார். கைப் புண் காய்ந்துவிட்டது. கடைக்குப் போகிறார், கல்லாவில் உட்காருகிறார், அவ்வளவுதான். சின்னவன் கைக்குழந்தையாக இருந்ததால் ராம்குமாருக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தானே. பொங்கல் அன்று இலையில் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன ரெண்டு தடவ எரிச்சிட்டேனே, பிள்ள" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

போனது போகட்டும், ஞாபகத்தில் இருப்பதையாவது எழுதி வைப்போம், சின்னவன் பெரியவனானால் படிப்பான் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டி எழுதினான் என்று தெரிகிறது, என்ன சொல்லித் திட்டினான் என்று வரவில்லை. சூரத்தில் ஒரு புரோக்கர் தன்னை ஏமாற்றினதை அவனே கேலி பண்ணி எழுதியிருந்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்பது போய்விட்டது. நான் எழுதினால் எல்லாம் என் புலம்பலாகத்தான் வருகிறது. அவன் எங்கே புலம்பினான்? போட்டோ இருக்கிறதே என்பாய். அதில் கல்யாணச் சட்டையில் விறைத்துக்கொண்டு நிற்கிறான். என் பிள்ளை ஒரு நாளாவது அப்படி நின்றிருக்கிறானா?

இனி அவன் எழுத்து என்று உலகத்தில் இருப்பது உன்னிடம் மட்டும்தான். நீ பிரசவத்துக்குப் போயிருந்தபோது, மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் குனிந்து குனிந்து எழுதுவான். யாவாரம் பார்க்க வந்தாயா, கடுதாசி எழுத வந்தாயா என்று மாமா கத்துவார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து எழுதுகிறேன் என்பான். அப்படியென்றால் அதில் பாதி சின்னவனுடையது. அதை எரிக்க உனக்கும் உரிமை இல்லை, உன் அம்மாவுக்கும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, வார்த்தை தடித்துவிட்டது.

நான் படிக்கக் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதினதைப் படிக்கிற அளவுக்கு எனக்கு வெட்கம் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கட்டி, வாயை நீயே ஊசி நூலால் தைத்து, முடிச்சில் அரக்கு வைத்துப் பார்சலில் அனுப்பு. வந்தபடியே பீரோவில் வைப்பேன். மாமா ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும், பிரிக்க விட மாட்டேன். சின்னவனுக்கு மீசை முளைத்த பிறகு அவனே வந்து பிரிக்கட்டும். அதுவரை நாங்கள் இல்லாவிட்டால் பத்ரிநாராயணன் வீட்டில் இருக்கும், பேசி வைத்துவிட்டேன். உனக்கே உனக்கென்று அவன் எழுதினது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள், கிழித்துப்போடு, அது உன் பாடு.

கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. சாமி சத்தியமாகக் கோபம் இல்லை. நாங்கள் வந்து நின்றால் எல்லோர் கண்ணும் எங்கள் மேல் இருக்கும், அன்றைக்கு எல்லோரும் உன்னைத்தான் பார்க்க வேண்டும். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு அனுப்புகிறேன், மாமா எடுத்து வைத்தது. முகூர்த்தத்துக்கு வேண்டாம், மறுவீட்டுக்குக் கட்டு. யாராவது கேட்டால் மெட்ராஸில் எடுத்தது என்று மட்டும் சொல். சின்னவனை அடிக்கடி அனுப்பு என்று இனிமேல் கேட்க மாட்டேன். அனுப்பவே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

நீ இந்த வீட்டுக்கு வந்த அன்று என் காலில் விழுந்தாய். தீர்க்க சுமங்கலியாய் இரு என்று மனசாரச் சொன்னேன். என் வாக்கு பலிக்கவில்லை. அதே வாயால் மறுபடியும் சொல்கிறேன். தீர்க்க சுமங்கலியாய் இரு, தாயி. இந்தத் தடவையாவது பலிக்கட்டும்.

என்றும் உன் அத்தை,
தங்கபுஷ்பம்