கல்லுக்குள் இருந்த வாயு

பிப்ரவரி 6, வியாழன்
ரொட்டிக்கடை தெஸ்பினா இன்றும் பிடித்துக்கொண்டாள். "வேற எதையாவது எரிங்கடி, ஊர் மூச்சு விடட்டும்." எதை எரித்தாலும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது என்றேன். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பங்கு வாயுவாகப் போய்விடும். அவள் நம்பவில்லை. பதினெட்டு வருடமாகச் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் அதை எடைபோடும் எனக்கே சில நாள் நம்ப முடிவதில்லை. அவ்வளவும் கல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பிப்ரவரி 10
ஆய்வகத்தில் என்னோடு வேலைபார்க்கும் லாம்பிஸின் பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். பெயர்நாள்காரன்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தரவேண்டும். இரண்டு தட்டு இனிப்போடு வந்தான். ஆலையே எங்கள் அறைக்குள். அடுப்பிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்து மறந்துவிட்டேன். பத்து கிராம் கல்மாவு சுட்டது. வழக்கம்போல் காபி குடிக்கும் அரைமணி ஆறவிட்டால் 5.65 கிராம் நிற்கும்; குறைந்த எடைதான் போன வாயு. இன்று இரண்டு மணி நேரம் கழித்து 5.71.
எப்படி ஏறும்?

பிப்ரவரி 11
சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். பள்ளிக்கூடப் பாடம். அப்படியென்றால் அந்த அரைமணியிலும் இழுத்திருக்குமே?

பிப்ரவரி 12
ஈரம் புகாத கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி ஆறவைத்தேன். 5.62. மூன்று முறையும்.
அந்தப் பாத்திரம் அதற்குத்தான் இருக்கிறது. மூன்று வருடமாக அதில் ரஸ்க் இருக்கிறது. கடற்காற்றில் நமுத்துப்போகிறதே என்று போட்டுவைத்தவள் நான்தான்.

பிப்ரவரி 13
லாம்பிஸிடம் சொன்னேன். "முப்பது மில்லிகிராம், அர்கிரோ. கொசு எடை."
"வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் கல்லு சுடுறோம். பெருக்கிப் பாரு."
பெருக்கினான். மூவாயிரம் டன் வாயு, ஒவ்வொரு வருடமும், அரசுக்கு அனுப்பும் வாயுக் கணக்கு அறிக்கையில் இல்லை. அறிக்கையின் அடியில் என் கையெழுத்து.
"ஜூன்ல நீதான் ஆய்வகத் தலைவி. இப்பப் போய் வாயத் திறக்கணுமா?"

பிப்ரவரி 17
மேலாளர் கல்லிரோயி அம்மா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அறிக்கையைச் சரிபார்க்கிறவர் ஏதென்ஸ்லேருந்து அடுத்த வாரம் வர்றார். கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா விட்டுடுங்க."
ரஸ்கைப் பற்றி எந்த மனிதர் கேட்பார்? எனக்கு அந்தப் பதவி வேண்டும். ரொம்ப வேண்டும்.

பிப்ரவரி 26
அவர் கேட்கவில்லை. எல்லாத் தாளையும் பார்த்துப் பேனாவை மூடினார். நான் என் எடைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.
"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"
"தெரிஞ்சிருக்காது."
"அப்புறம் ஏன் சொன்னீங்க?"
"எடை ஏன் ஏறுச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார். இனிமே தெரியாத மாதிரி எப்படி எழுதுறது?"

மார்ச் 10
மூன்று வருடக் கணக்கும் மறுபடி. கண் எரிகிறது.

மார்ச் 28
தலைவர் பதவி லாம்பிஸுக்கு. ஜூன் வரை கூடக் காத்திருக்கவில்லை. வலிக்கிறது, பொய் சொல்வானேன். திருத்திய அறிக்கை இன்று ஏதென்ஸுக்குப் போகவேண்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் அவன் பெயர் அச்சாகியிருந்தது. பேனாவைத் திறந்தவன், போடாமல் தாளை என் பக்கம் நகர்த்தினான்.
"நீ ஒரு தடவை பாத்துடு. அதுக்கப்புறம்தான் போடுவேன்."
மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.