நேந்திரம்பழப் பத்தியம்

கல்பாத்தி,
12-9-54

தங்கள் பாதங்களில் வாலாம்பாள் அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. இரண்டு நாளாக இருப்புக் கொள்ளாமல் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறேன். இன்று காலை பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. நம் பெண் திரிபுரம் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஆபீஸ் துரைசுவாமி லீவில் வந்தவர், முந்தாநாள் நீங்கள் கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தோடு வந்தார். காப்பி கொடுத்து உங்களைப் பற்றி விசாரித்தேன். மனுஷர் சூதுவாது தெரியாதவர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மன்னி, ராமபத்ரண்ணா இப்போ கோதம்புச் சப்பாத்தி தொடறதே இல்லை. பல் ஆடறது, ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு. கஞ்சியும் புழுங்கின நேந்திரம்பழமுமாத்தான் கழியறது" என்றார். யாரிடம் பேசினாலும் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொள்கிறீர்களாம். போன கடிதத்தில் பத்தியம் ஒருநாளும் தவறவில்லை என்று எழுதியவர் நீங்கள்.

நன்றாய் இருக்கிறது உங்கள் பத்தியம்! ஜுரம் விட்டவனுக்கும் பால்குடி மறந்த குழந்தைக்கும் நேந்திரம்பழம் புழுங்கிக் கொடுப்போம். சர்க்கரை வியாதிக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? மெல்ல முடியவில்லை என்று சப்பாத்தியையும் காய்கறியையும் விட்டீர்கள். சர்க்கரை ஏறியது. அது ஏறியதில் ஈறு இன்னும் பழுத்தது. உடனே இன்னும் கொஞ்சம் கஞ்சி. செக்குமாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்கும்? இதே வியாதியில் உங்கள் அப்பாவுக்கு வந்த கால் புண்ணைக் கடைசிவரை கழுவியவள் நான்.

நேற்று உங்கள் தம்பி வெங்கிடுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுனில் பல் டாக்டரைப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னார். வாய் என்னுடையது இல்லை, அது சின்னக்கானல் மலைமேல் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டார். விவரம் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் தேய்ப்பதை நிறுத்துவதுதான் பெரிய தப்பாம். உமிக்கரியை விரலால் அழுத்தித் தேய்ப்பதும் கூடாதாம். மிருதுவான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்த்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். பிரஷ் ஒன்று, லீவு முடிந்து திரும்பும் துரைசுவாமியிடம் கொடுத்திருக்கிறேன். பன்றி ரோமமோ என்று முகம் சுளிக்க வேண்டாம், கடைக்காரனைக் குடைந்து கேட்டுவிட்டேன், நைலான்தான். அந்த நீலத் தண்ணீரில் மூத்திரத்தைக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பதையும் விட்டுவிட்டீர்களோ என்னவோ. நிறம் செங்கல் மாதிரி வந்தால் மறைக்காமல் அங்கே டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் சொல்லித்தான், உங்கள் இஷ்டத்துக்கு இல்லை.

ஆடுகிற பல்லை எடுத்தே ஆக வேண்டுமாம். ஆனால் சர்க்கரை இறங்காமல் எடுத்தால் புண் ஆறாது, ஈற்றில் சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் லேசில் இறங்காது. அதனால் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"கல்யாணம் கழியட்டும். பொக்கை வாயோட சம்பந்திக்காரா முன்னாடி எப்படி நிக்கறது?" என்று துரைசுவாமியிடம் சொன்னீர்களாமே. நெம்மாறைக்காரர்கள் உங்கள் பல்லை எண்ணியா பெண் எடுக்கிறார்கள்? இதைத் திரிபுரத்திடம் சொன்னேன். "அப்பாக்குப் பல் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? அப்பா மடியில உக்காந்துதான் தாலி கட்டிப்பேன்" என்று சொல்லி அழுதாள்.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது வெங்கிடு, "அண்ணாக்கு முடியலைன்னா நானும் என் ஆத்துக்காரியும் மணையில உக்காந்து தாரை வார்த்துக் குடுக்கறோம் மன்னி, கவலைப்படாதேங்கோ" என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் நேரே குங்குமச் சிமிழை எடுத்து நெற்றியில் இன்னொரு தரம் இட்டுக்கொண்டேன்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலை இறங்கி வந்துவிடுங்கள். பல் போனால் போகட்டும். தை மாதம் நம் பெண் உங்கள் மடியில் உட்காரும்போது, பக்கத்தில் நின்று தாரைத் தண்ணீர் விடுவது என் கையாக இருக்கட்டும். அந்த நேரத்தில் என்னை உள்ளே இருட்டறையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

விசுவநாத சுவாமி உங்களைக் காக்கட்டும்.

உங்கள் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
வாலாம்பாள்