ப. பொடி – 2

நேற்று அடையாறில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உன் அம்மாவின் பொடியைப் பார்த்தேன். அவர் இடித்ததல்ல, ஆனால் அதேதான். கண்ணாடி பாட்டில், தங்க நிற மூடி, ‘நெத்திலிக் கருவாட்டுப் பொடி, சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடலாம்’ என்று அச்சடித்த லேபிள். இந்தப் பக்கம் ஓட்ஸ், அந்தப் பக்கம் சேமியா, நடுவில் ஒளிவுமறைவே இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வரிசையையே தள்ளிவிட்டிருப்பேன். பக்கத்தில் நின்ற கடைப் பெண், “நல்லாருக்கும் ஆன்ட்டி, தனியா ரூம் எடுத்துத் தங்கறவங்களுக்கு ரொம்ப வசதி” என்றாள். வசதியாம்! அந்த வசதி உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவளிடம் சொல்லவா முடியும்? வாங்க வந்த சர்க்கரையை மறந்துவிட்டு வீடு திரும்பினேன்.

நீ போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இதை எங்கே அனுப்புவதென்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது அனுப்ப முகவரி இருந்தது, எழுதவில்லை. என் லட்சணம் அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் மந்தைவெளியில் ஒரு மாமியின் வீட்டு மாடி அறையில் குடியிருந்தோம். தி. நகரில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸ்; நீ டெலிபோன் போர்டில் உட்கார்ந்தாய், நான் டைப் அடித்தேன். மாமி போட்ட சட்டம் இரண்டு. குடிவருகிறவர்கள் சைவமாக இருக்க வேண்டும். மாடியில் அடுப்பு கூடாது. “வெந்நீர் வேணா போட்டுக்கோங்கோ. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், செவுரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காயிடும்” என்றார். நான் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். எங்கள் தெருவில் ஒரு முட்டை ஓடு கிடந்தால் நாலு நாள் பேசுவார்கள். நீ பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். ஆனால் மாமியிடம், டெலிபோனில் பேசுகிற அந்தத் தேன் குரலில், “நாங்க சுத்த சைவம் மாமி” என்று சொன்னாய். தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொய்தான், இப்போ இன்னாங்கற? பொய் சொல்லாம எவ எனக்கு ரூம் குடுப்பா?” என்று சிரித்தாய்.

அந்த அறை உனக்கு வெறும் அறை இல்லை. உன் அண்ணன், தன் மச்சானுக்கு உன்னைக் கட்டிவைத்தே தீருவேன் என்று நின்றான். அந்த மச்சான் பகலிலேயே குடிப்பவன். ஏற்கெனவே ஒருத்தியை அடித்துத் துரத்தியவன். “தனியா ரூம் கீது, சம்பளம் வருதுன்னு இருக்கற வரைக்கும் எங்கண்ணன் என்னை ஒண்ணும் பண்ண முடியாது. ரூம் போச்சுன்னா நானும் போனேன்” என்பாய். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

வெந்நீர் மட்டும் என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு நீ நடத்திய சமையலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, உடனே எரிச்சலும் வருகிறது. ஒரு எலெக்ட்ரிக் கெட்டில், ஒரு எவர்சில்வர் தூக்கு, இரண்டு தட்டு. தூக்கில் சேமியாவைப் போட்டு, கொதிக்கிற நீரை ஊற்றி மூடி, மேலே என் ஷார்ட்ஹேண்ட் புத்தகத்தைப் பாரமாக வைப்பாய். பத்து நிமிடத்தில் வடித்து, எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலில் மிதக்கிற எண்ணெயை விட்டுப் பிரட்டினால் அது எலுமிச்சை சேமியா. கெட்டி அவலில் வெந்நீர் தெளித்து, மாம்பலத்தில் வாங்கிய புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளியோதரை. நூடுல்ஸ் பாக்கெட்டில் வருகிற மசாலாத் தூளில் பாதியை மடித்து ஒளித்துவைப்பாய். மறுநாள் அரிசிப் பொரிக்கும் பொட்டுக்கடலைக்கும் அதுதான் காரம். மாதக் கடைசியில் பிரெட்டுக்கு நடுவே மிக்சரை நசுக்கி வைத்து, “மேடம், உங்க சாண்ட்விச்” என்று நீட்டுவாய். நான் முகம் சுளித்தால், “வயித்துக்கு கண்ணா கீது? சூடா கீதா, காரமா கீதா, அவ்ளோதான் அது கேக்கும்” என்பாய். ஆபீஸ் விட்டு வந்த கால் மணி நேரத்தில் சாப்பிட்டு, தட்டும் கழுவியிருப்போம்.

சனிக்கிழமைதான் விசேஷம். அரை நாள் ஆபீஸ். வரும் வழியில் மெஸ்ஸில் வெறும் சாதம் ஒரு பார்சல் வாங்குவோம். ஒருத்திக்கு அதிகம், இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைச்சல். பிசைந்துகொள்ள இரண்டு பாட்டில். ஒன்று என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பருப்புப் பொடி. இன்னொன்று உன் அம்மா, அண்ணனுக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் வைத்து உன் பையில் திணித்துவிட்டுப் போகும் நெத்திலிப் பொடி. தலை கிள்ளி, மணல் போக அலசிக் காயவைத்து, வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்தது. முதல் மாதம் நீ அதைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாய். மழை பெய்த ஒரு சனிக்கிழமை நான்தான், “எனக்கும் ஒரு வாய் குடேன்” என்று கேட்டேன்.

“வேணாம்டீ. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கடல்ல தள்ளிருவாரு.”

நான் தட்டை நீட்டினேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் என் பங்கு உன் பங்கைவிடப் பெரிதாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ருசியை என் நாக்கு அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

வாசனையை மறைக்க ஊதுபத்தி ஏற்றினோம். மற்ற நாளில் ஒன்று, கருவாட்டு நாளில் மூன்று. “சனிக்கிழமையானா மாடிலேர்ந்து ஊதுபத்தி கமகமன்னு வரது. இந்தக் காலத்துல இப்படி பக்தியான பொண்கள்!” என்று மாமி எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாய். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது என் யோசனை. ‘ப. பொடி – 1’, ‘ப. பொடி – 2’ என்று குண்டு குண்டாக நானே எழுதி ஒட்டினேன். இரண்டாவதுதான் உன்னுடையது. மாமிக்குக் கண் மங்கல் என்பதால், அவர் டெல்லித் தங்கைக்கு அனுப்பும் இன்லண்ட் லெட்டரையும் அதே கையெழுத்தில் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

குட்டு உடைந்த அந்தச் சனிக்கிழமை நாம் இன்னும் வீடு திரும்பவில்லை. மாமியின் கணவருக்கு ஒரு வாரக் காய்ச்சல் விட்டு, அன்றுதான் முதல் சாதம். நாக்குக்கு உறைப்பாக ஏதாவது வேண்டுமென்றிருக்கிறார். கீழே பொடி தீர்ந்துபோயிருந்தது. மாடிப் பெண்களிடம் இருக்குமே என்று மாமி மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட ப. பொடியை எடுத்துப் போயிருக்கிறார். அவருக்கும் ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தாராம். மாமா ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, “இன்னிக்குப் பொடி பிரமாதமா இருக்கே, பெருங்காயம் தூக்கலா போட்டியோ?” என்று கேட்டாராம். மூன்றாவது கவளத்தில் பல்லிடுக்கில் முள் மாட்டியது.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். சாதப் பொட்டலத்தோடு நாம் கேட்டைத் திறந்தபோது மாமி தலைக்குக் குளித்த ஈரப் புடவையோடு நின்றார். பாட்டில் மாடிப்படியின் முதல் படியில் இருந்தது. உள்ளே மாமா ஓங்கரிக்கும் சத்தம். மாமி கத்துவார் என்று நினைத்தேன். அவர் அழுதார்.

“ஏழு நாள் பட்டினியா கெடந்த மனுஷன் வாயில என்னத்தைடீ போட்டேன் நான்? யாருது இது? ரெண்டு பேருல யாரு கொண்டுவந்தேள்?”

மாமி மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் நம்பி வைத்த வீட்டில் நாம் ஏமாற்றினோம். நீ என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, வெறுமனே பார்த்தாய். ‘எங்களுது மாமி’ என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாய். எனக்கோ அப்பா முகம்தான் தெரிந்தது. என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது மாமியிடம், “உங்க பொண்ணு மாதிரிப் பாத்துக்கிடுங்க” என்று கும்பிட்டவர். ஒரு கார்டு போட்டால் போதும், அடுத்த ரயிலில் வந்து கையோடு ஊருக்கு அழைத்துப்போய்விடுவார்.

“எனக்குத் தெரியாது மாமி” என்றேன். “நான் இதெல்லாம் தொடக்கூட மாட்டேன்.”

தெரியாது என்றதோடு நிறுத்தியிருக்கலாம். தொடக்கூட மாட்டேன் என்று சேர்க்கச் சொல்லி என்னை யார் கேட்டார்கள்?

நீ சிரித்தாய். “ஆமா மாமி, அதுக்கு ஒண்ணும் தெரியாது. என்னுதுதான்” என்றாய். பொழுது சாய்வதற்குள் உன் பெட்டி கீழே வந்துவிட்டது. கெட்டில் உன்னுடையது, அதை என்னிடமே விட்டாய். “வச்சுக்கோ, சுடுதண்ணி வேணும்ல” என்றாய். அந்தச் சிரிப்புக்காகவும் அந்தக் கெட்டிலுக்காகவும் உன் மேல் எனக்கு இன்றுவரை கோபம். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம். ‘இவளும்தான் தின்னா மாமி’ என்று தெரு கூடக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். இல்லை, ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். போய்ச் சேர்ந்தவளிடம் எதற்குப் பொய்?

நாலாவது மாதம் உன் அண்ணன் நினைத்தது நடந்தது. கல்யாணப் பத்திரிகை நம் ஆபீசுக்கு வந்தது. எல்லோரும் போனார்கள், நான் தலைவலி என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த அறையில் நான் ஒருத்தியாக இருந்தேன். கல்யாணம் நிச்சயமாகிக் காலி செய்த அன்று, மாமி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே பேச்சை எடுத்தார்.

“அந்த லேபிள் உன் கையெழுத்துன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்டீ. என் தங்கைக்கு வருஷக்கணக்கா நீதானே எழுதிண்டிருக்கே.”

மாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டு மேலே சொன்னார்: “நீ ‘நானும்தான்’னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், உன்னை அனுப்ப முடியாது. உன்னை வெச்சுண்டு அவளை மட்டும் எப்படி அனுப்பறது? ரெண்டு பேரையும் நன்னாத் திட்டிட்டு சும்மா இருந்திருப்பேன். நீ தெரியாதுன்னுட்டே. எனக்கும் அது சௌகரியமாப் போயிடுத்து.”

அப்போதும் நான் ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடமே உன்னைப் பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. முன்பல் ஒன்று இல்லை. எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. மாமி சொன்னதையெல்லாம் உன்னிடம் கொட்டி, உன் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ புன்னகைத்து, “நல்லா கீறீங்களா?” என்றாய். கீறீங்களா! ஒரே பொட்டலச் சோற்றைத் தின்ற காலத்தில் என்னை ‘டீ’ போட்டுத் தவிர ஒரு நாளும் கூப்பிடாதவள் நீ. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதை என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டது. “பஸ் வருதுங்க, வரேன்” என்று ஏறிப் போய்விட்டாய். அதற்கப்புறம் இத்தனை வருடம், அடையாறுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு பாலம்தான். நான் தாண்டவில்லை.

போன மாதம், நம் பழைய ஆபீஸ்காரி ஒருத்தி போன் பண்ணி, நீ மஞ்சள் காமாலையில் போய்விட்டாய் என்று சொன்னாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் படத்துக்கு முன்னால் உனக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். காரியம் முடிந்து, தெருவில் ஷாமியானா போட்டு மீன் குழம்புச் சோறு பரிமாறினார்கள். உன் மகள் என்னிடம் வந்து, “நீங்க எங்கம்மாவுக்கு எப்டி ஆன்ட்டி பழக்கம்?” என்று கேட்டாள்.

“மந்தைவெளியில ஒரே ரூம்ல இருந்தோம்.”

அழுது வீங்கிய அந்த முகம் சட்டென்று மலர்ந்தது. “அந்தக் கருவாட்டுப் பொடி ரூமா? அம்மா அதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கும் ஆன்ட்டி! ‘கூட ஒரு சைவக்காரப் பொண்ணு இருந்துச்சு, அதுக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம், என்னால அதுக்கும் பேச்சு’ன்னு சொல்லும். நீங்கதானா அது?”

பெற்ற மகளிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பது வருடமாக அந்தப் பொய்யை எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாய்.

“அப்ப நீங்க மீன் சாப்ட மாட்டீங்கல்ல? உள்ள தனியா ரசஞ்சோறு வச்சிருக்கேன். சைவம்தானே ஆன்ட்டி நீங்க?” என்றாள்.

அப்பா போய் எத்தனையோ வருடமாயிற்று. மாமியும் இல்லை, மாமாவும் இல்லை. என் பையன் வாரத்தில் இரண்டு நாள் பிரியாணி வரவழைத்து என் எதிரிலேயே சாப்பிடுகிறான். நான் பயப்பட இந்த ஊரில் ஓர் ஆள்கூட மிச்சமில்லை. பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டு அலைகிறேன். உன் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றைக்கு நீ நின்ற மாதிரியே.

“ஆமாம்மா, சைவம்தான்” என்றேன்.