நாக்கில்லாத கப்பல் மணி

மாமா,

கணக்குப் புத்தகம் தேடி மேசையின் கீழ் டிராயரை இழுத்தேன். புத்தகம் கிடைக்கவில்லை, பித்தளை வாடைதான் வந்தது. சாவியை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் வருமே, அதே வாடை. என் பழைய காலுறைக்குள் உங்கள் மணியின் நாக்கு கிடந்தது. பத்து மாதமாக அங்கேதான் ஒளித்து வைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. இதைக்கூட ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

இங்கே வளைகுடாவில், புஜைராவில், எங்கள் வீட்டு ஹால் ஆறு வருடம் உங்கள் அறையாக இருந்தது. அம்மாவின் தம்பி, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் டியூட்டி. அதற்கு முன்னால் நானூறு மீட்டரில் மாநிலத்துக்காக ஓடியவர். முழங்கால் போனதும் பந்தயம் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. குப்பை கொட்டக்கூட மாடிப்படியில் ஓடித்தான் இறங்குவீர்கள். நீங்கள் ஓடினீர்கள், நான் உங்களை ஓட்டினேன். வீட்டில் இருவருக்குமே வேலை இருந்தது.

உங்களுக்கு இருந்தது ஒரே பைத்தியம்தான். நம் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க பஸ் ஏற வேண்டும். வள்ளம் கரையேறும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒன்று. மீன் பிரிக்க நிற்கும் பிள்ளைகள் பஸ்ஸை விடுவார்கள், பிறகு படிப்பையே விடுவார்கள். “பஸ்ஸு நமக்காவ நிக்காதுல மக்கா. வள்ளம் வந்த பொறவு தொடங்குற பள்ளிக்கூடம் ஒண்ணு வேணும், கேட்டியா” என்பீர்கள்.

கேட்டார்கள். லீவுக்குப் போகும் நம் ஊர்க்காரர் ஒவ்வொருவரும் தங்கள் லக்கேஜில் இரண்டு கிலோவைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்கள். ‘ஸ்கூல் கிலோ’ என்றே பேராகிவிட்டது. அந்த இரண்டு கிலோவில் உலக உருண்டை போனது, அகராதி போனது, கால்பந்துகள் காற்றுப் பிடுங்கப்பட்டுத் தட்டையாகப் போயின. அட்டைப்பெட்டி கட்டி மார்க்கரில் பெயர் எழுதுவது என் வேலை. வேலையைக் கேன்சல் செய்துவிட்டு நீங்களே ஊருக்குக் கிளம்பியபோது, உங்கள் பெட்டியில் ‘உள்ளே வாத்தியார், தலைகீழாக வைக்காதீர்கள்’ என்று எழுதினேன். ஏர்போர்ட்டில் பார்த்துவிட்டு என் காதைத் திருகினீர்கள்.

அந்தப் பெட்டியில்தான் மணி இருந்தது. பழைய கப்பல் சாமான் விற்கும் பட்டாணியர் கடையில் பேரம் பேசி வாங்கிய மணி. அலைச்சத்தத்தைத் தாண்டிக் கரைவரை கேட்க வேண்டும் என்பதற்காகக் கடையில் இருந்த மணியையெல்லாம் அடித்துப் பார்த்தீர்கள். கடைசியில் கடைக்காரரே காதைப் பொத்திக்கொண்டு, “பாய், கலாஸ்! போதும்!” என்று கும்பிட்டார்.

பெட்டியை மூடும்முன் நாக்கைக் கழற்றியவன் நான். திறப்பு விழாவில் ஊரே நிற்க, நீங்கள் கயிற்றை இழுக்க, சத்தமே வராது. அடுத்து லீவுக்குப் போகிறவரிடம் நாக்கைக் கொடுத்தனுப்பிவிடலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

திறப்பு விழா அன்று மாலையே உங்கள் போன் வந்தது.

“எலே சவமே, நாக்க எங்கல வச்ச?”

கட்டிலில் இருந்து விழும் அளவுக்குச் சிரித்தேன். “எல்லாரும் என்ன சொன்னாவ மாமா?”

“பொட்டிக்குள்ள களண்டு எங்கயோ போச்சுன்னு சொல்லிட்டேன். ஒம் பேரு வரல்ல. விசிலை எடுத்துக்கிட்டு கரைக்கு ஓடுனேன். புள்ளைய அம்புட்டும் பொறத்தாலயே ஓடி வந்துட்டு. மணி அடிச்சா நடந்துல்லா வரும்?”

அதிலிருந்து தினமும் ஓடினீர்கள். நாக்கை யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, “அவசரமில்ல. லீவுக்கு வரும்போ கொண்டா, நீயே மாட்டு” என்றீர்கள்.

உங்கள் நெஞ்சு ரிப்போர்ட்டைப் பார்த்தவள் அம்மா. நர்ஸ் அல்லவா, போன் கார்டு போட்டு உங்களை அழைக்கும்போதெல்லாம் முதல் பேச்சே அதுதான். “ஓடாதல. நடந்து போ, கேட்டியா?” “நடந்துதான் போறேன்க்கா.” பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மை தெரியும். எதற்கெடுத்தாலும் வாய் நீளும் எனக்கு, அப்போது மட்டும் வாய் வரவில்லை. நாக்குத் திருட்டும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே!

பள்ளி திறந்த நான்காம் மாதம், கரையிலிருந்து பிள்ளைகளோடு ஓடி வந்து, பள்ளி வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் விசில் இருந்ததாம். மாமி சொன்னாள்.

போன வாரம் மாமி வேறொன்றும் சொன்னாள். மணியைச் சுத்தியலால் அடிக்க அவள் யாரையும் விடுவதில்லையாம், உங்கள் பொருளில் கீறல் விழக்கூடாதாம். இப்போது பாடம் நடத்தும் டீச்சர் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தட்டுகிறாளாம். கரைக்குக் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று டியூட்டி முடிந்து வந்த அம்மாவின் முன்னால் காலுறையை வைத்தேன்.

“என்னல இது?”

எல்லாவற்றையும் சொன்னேன். “மாமா ஓடுனது என்னாலதாம்மா.”

அம்மா நாக்கைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“நடக்கேன்னு சொல்லும்போ அவனுக்கு மூச்சு வாங்கும். எனக்குக் கேட்கத்தான செஞ்சுது” என்றாள். பிறகு எடை பார்க்கும் தராசில் வைத்தாள். “ஒரு கிலோதான் இருக்கு. இன்னொரு கிலோவுக்கு விசிலு வாங்கிப் போடு. மாமிகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்லித் தர மாட்டேன்.”

லீவுக்கு இன்னும் ஒன்பது நாள். நாக்கை மாட்டுவேன் மாமா. ஆனால் முதல் நாள் காலையில் மணி அடிக்கும்முன், நின்றுபோன அந்த மூன்று பேரைக் கூப்பிட நானே கரைக்கு ஓட வேண்டும். நேற்று கடலோரச் சாலையில், கார்னிஷில், ஓடிப் பார்த்தேன். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் விலா பிடித்துக்கொண்டது. இன்று நான்காவது வரை போனேன்.

பள்ளியிலிருந்து கரைக்கு எத்தனை கம்பம் தூரம்? அதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லையே, மாமா.